நெல்லின் நாள் அறிந்தவர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் சிற்றாறு பெருகும். தென்காசி வயல்களில் கார் நெல்லின் நடவு நிகழும். ஐப்பசி மழை வலுக்குமுன் அதனை அறுத்துக் களம் சேர்த்தாக வேண்டும். அதன்பின் பிசான நெல் வயலேறும். பிசானத்திற்குரிய பழைய நெல்லைக் காரில் விதைத்துவிட்டால், பகற்பொழுது குறுகும்வரை அது கதிர் ஈனாது தழைத்தே நிற்கும். இப்பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அச்சிறு வேறுபாட்டையும் நெற்செடி உணர்கிறது என்பது வியப்பிற்குரியது. கோதுமையின் இயல்போ இதற்கு எதிரானது. பகல் நீளும்போதே அது கதிர் விடும்.

எந்த நெல்லை எப்பருவத்தில் விதைப்பது என்பதை உழவர் பட்டறிவால் அறிந்திருந்தனர். ஒரு நெல் மூன்றரைத் திங்களிலும் மற்றொன்று ஆறு திங்களிலும் முற்றுவதன் காரணத்தை மரபியல் வழியில் ஆராய்ந்தோருள் முதன்மையானவர் கே. இராமையா.

1892ஆம் ஆண்டு பிறந்த அவர், கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பார்னெல் என்னும் ஆங்கிலேய அறிஞருடன் பணியாற்றினார். நெற்பண்புகளின் மரபுவழி குறித்த அவர்தம் கூட்டாய்வு 1917இல் வெளிவந்தது. 1921இல் அந்நிலையம் வழங்கிய ஜி.இ.பி. 24 என்னும் சன்னரகம் தமிழக வயல்களில் நெடுங்காலம் நிலைபெற்றது.

நெல்லைக் கலப்பினம் செய்வது பொறுமையைச் சோதிக்கும் பணி. நெற்பூ சிறிது நேரமே திறந்திருக்கும். அது திறக்கும் முன்பே ஆறு மகரந்தப் பைகளையும் பழுதின்றி அகற்றிவிட்டு, வேற்று ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்தல் வேண்டும். ஒரு பை எஞ்சினாலும் உழைப்பு வீண். குறுகிய வயதுடைய நெல்லையும் நீண்ட வயதுடைய நெல்லையும் இவ்வாறு கலந்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் செடிதோறும் கதிர் வெளிப்பட்ட நாளைக் கணக்கிட்டனர். பூக்கும் காலம் மண்ணாலும் நீராலும் மட்டும் அமைவதன்று. பெற்றோரிடமிருந்து வரும் காரணிகளாலும் அமைவது என்பது புலனாயிற்று. சில கலப்புகளில் ஒரே காரணியும், வேறு சிலவற்றில் பல காரணிகளும் செயற்பட்டன. இவ்வாய்வை இராமையா 1933இல் வெளியிட்டார்.

இடையில் இந்தூரில் பருத்தி ஆய்விலும் ஈடுபட்டார். 1943இல் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அதன் விளைவாக 1946இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோது, அதன் முதல் இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது. நம் நாட்டு நெல்லுடன் ஜப்பானிய நெல்லைக் கலக்கும் பன்னாட்டுத் திட்டத்திற்கு அங்கு அவர் வித்திட்டார். நீண்ட வயதுடைய ஜி.இ.பி. 24உம் ஜப்பானின் நோரின் 10உம் கலந்து பிறந்த ஆடுதுறை 27, ஏறத்தாழ 105 நாளில் முற்றியது. 1965இல் அது தஞ்சைக் குறுவைக்கு வந்தது. விளைச்சல் பெருகியது, ஆனால், அறுவடை மழையில் சிக்கியபோது ஈரநெல்லை உலர்த்த உழவர் பெரிதும் இடர்ப்பட்டனர். கார் நெல்லுக்குத் தென்காசி உழவர் அஞ்சும் அதே மழைதான்!

1970இல் பத்மபூஷண் விருது பெற்ற இராமையா, 1988இல் மறைந்தார். அதற்குள் ஜி.இ.பி. 24இன் வழித்தோன்றலான திரூர்க்குப்பம் 6 பிலிப்பைன்ஸ் சென்று, அங்கு ஐ.ஆர். 20க்குப் பெற்றோருள் ஒன்றாகி, சம்பா நெல்லாகத் தமிழக வயல்களுக்கே திரும்பியிருந்தது.