நாதமுனிகள் வைத்த நிதி

ஸ்ரீமந்நாதமுனிகள் வீரநாராயணபுரத்தில், இன்றைய காட்டுமன்னார்கோயிலில், ஆனி மாதம் அனுஷ நக்ஷத்ரத்தில் ஈச்வர பட்டரின் திருக்குமாரராக அவதரித்தார். மன்னனார் ஸந்நிதியே அவருக்கு அகமும் பாடசாலையுமாக இருந்தது. குடும்பத்தாரோடு வடநாட்டு திவ்யதேசங்களை ஸேவித்து யமுனைக்கரையில் சிலகாலம் வாழ்ந்தவர், பெருமாளின் நியமனம் பெற்று ஊர் திரும்பினார்.

அதன்பின் நிகழ்ந்ததை நம் வாசகர் அனைவரும் அறிவர். மேல்நாட்டிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் மன்னனார் திருமுன்பே திருக்குடந்தைப் பதிகத்தை விண்ணப்பம் செய்தார்கள். ஆயிரத்துள் அது ஒரு பத்து என்பதைப் பதிகத்தின் முடிவே கூறிற்று. மற்றவை எங்கே என்று கேட்டபோது அவர்களுக்கு அந்தப் பத்துக்கு மேல் தெரியவில்லை. நாதமுனிகள் திருக்குருகூருக்கு எழுந்தருளினார். மதுரகவியாழ்வாரின் வழிவந்த பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, திருப்புளியின் கீழே பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் அடைந்தார்.

அருளிச்செயலை மீட்டவர் என்றே பெரும்பாலும் அவரைப் போற்றுகிறோம். மீட்டதை மீண்டும் இழக்காதபடி அவர் செய்த ஏற்பாட்டை அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. நமது எண்ணத்தில் அதுவும் மீட்டதற்குக் குறைந்த கைங்கர்யம் அன்று. பாசுரங்களை இசை என்றும் இயல் என்றும் வகுத்தார். இசைப்பாக்களுக்குப் பண்ணும் தாளமும் அமைத்தார். தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவரையும் அருகில் இருத்தி, வாயால் சொல்லி, செவியால் கேட்பித்துக் கற்பித்தார். வங்கியில் பெட்டகத்தின் மாற்றுச்சாவியை வேறொரு கிளையில் ஒப்படைத்து வைக்கும் வழக்கம் உண்டு. பல ஆண்டுகள் அப்பணியில் இருந்த நமக்கு, முழுமையையும் இருவருக்கும் அளித்த அந்தத் திருவுள்ளம் எளிதில் விளங்குகிறது.

அவருடைய இசை எத்தகையது என்பதற்கு குருபரம்பரையில் ஒரு வரலாறு உண்டு. சோழ மன்னனின் அவையில் இரு கணிகையர் பாடினர். ஒருத்தி மனிதர்க்குப் பழகிய முறையிலும், மற்றொருத்தி தேவகானத்திலும் பாடினாள். மன்னன் முன்னவளையே கொண்டாடினான். மற்றவள் வீரநாராயணபுரம் வந்து மன்னனார் திருமுன்பே பாட, நாதமுனிகள் அந்த கானத்தின் தரத்தை அறிந்து உகந்தார். இதைக் கேள்வியுற்ற மன்னன் தானே வந்து, தான் சுவைக்காத பாட்டில் அவர் கண்ட சிறப்பு என்ன என்று கேட்டான். நாதமுனிகள் விளக்கவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. பல தாளங்களை ஒருசேரத் தட்டச் செய்து, ஒலியைக் கேட்டே ஒவ்வொன்றின் எடையையும் தனித்தனியே கூறினார். மன்னன் வியந்து வணங்கினான். அரசவையில் விலைபோகாத ஒரு பாட்டு, அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் இருந்ததனால் மதிப்புப் பெற்றது.

திருவரங்கத்தில் திருமங்கையாழ்வார் தொடங்கிவைத்த திருவாய்மொழித் திருநாளைத் தழுவி, ஏனைய பாசுரங்களுக்கும் இடம் உண்டாகும்படி அத்யயன உத்ஸவத்தை நாதமுனிகள் விரிவாக்கினார். இதனால் பாட்டு ஒரு குடும்பத்தின் சொத்தாக நின்றுவிடாமல் கோயிலின் கடமையாயிற்று.

அவருடைய மற்ற நிதிகள் என்னவாயின? ந்யாயதத்வம், யோகரஹஸ்யம் என்று நூல்கள் இயற்றினார். அவை இன்று முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. யோகமும் அவரிடம் இருந்தது. உய்யக்கொண்டாரிடம் அதை விரும்புகிறீரோ என்று கேட்க, உலகத்தார் துன்புற்றுக் கிடக்கும்போது தமக்கு மட்டும் அந்த இன்பம் தகாது என்று விலகி, அவர் அருளிச்செயலைப் பரப்பும் பணியை ஏற்றார். யோகம் குருகைக்காவலப்பனிடம் சென்றது. நாதமுனிகளின் திருப்பேரனார் ஆளவந்தார் அதைப் பெற விரும்பினார். அப்பன் ஒரு நாளைக் குறித்து ஏட்டில் எழுதித் தந்தார். திருவனந்தபுரத்தில் இருக்கும்போது ஆளவந்தார் அதைப் பிரித்துப் பார்க்க, குறித்த நாள் அன்றே என்று கண்டு வருந்தினார். ஒருவரிடம் மட்டும் இருந்த யோகம் அவரோடு போயிற்று. மருமக்களுக்குக் கற்பித்த பாட்டோ அரையர்கள் வழியே தொடர்ந்தது.

அவ்வழியில் வந்தவர் ஆளவந்தாரின் திருக்குமாரரான திருவரங்கப்பெருமாளரையர். கச்சியில் பேரருளாளன் திருமுன்பே பாடி அபிநயித்து, பரிசாக இராமாநுசரையே திருவரங்கத்துக்குக் கேட்டுப் பெற்றவர் இவர். பின்னாளில் எம்பெருமானார் இவரிடம் அர்த்தம் கேட்க வேண்டி, ஆறு மாதம் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சள்காப்பு அரைத்துக் கொடுத்தும் பணிவிடை செய்தார். ஒருநாள் மஞ்சள்காப்பு அரையரின் திருவுள்ளத்துக்கு ஒவ்வாதிருப்பதை முகக்குறிப்பால் உணர்ந்து, மீண்டும் பதமாகச் சேர்த்துக் கொடுத்தார். பாட்டை ஏந்தி நின்ற ஒருவருக்கு உடையவர் செய்த மரியாதை இது. அயல்நாட்டு நகரங்களில் வார இறுதியில் பிள்ளைகளை அமர்த்திச் சந்தை சொல்லிவைக்கும் பெரியோர்களுக்கு நாம் என்ன செய்கிறோம் என்று ஆனி அனுஷத்தன்றாவது எண்ணிப் பார்க்கலாம்.

நாதமுனிகள் அமைத்த பண்கள் பலவும் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, பாசுரம் பாடி அபிநயித்து வியாக்யானமும் ஸாதிக்கும் அரையர் ஸேவை தமிழகத்தில் திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய திவ்யதேசங்களில் நடந்துவருகிறது. அங்கே தந்தை சொல்ல மகன் கேட்டே கற்கிறான்.