கழற்றி மாட்டியவர் – ஜி.டி. நாயுடு



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் மாணவர் பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றி ஏற்கெனவே ஏழு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். மெக்கானிக்கல் பையனுக்குத் தெரிந்தது ஸ்பேனரும் கிரீஸும்தான். ஆகவே, ஸ்பேனர் பிடித்தே பெரிய ஆளான ஒருவரின் வாழ்க்கையை எழுதலாம் என்று துணிந்தேன். அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. கோயம்புத்தூர்க்காரருக்கும் நம்ம திருத்தணிக்கும் என்னப்பா சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் ஒரு மருந்தடிக்கும் மெஷினில் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாமாவின் மெஷின்

நகரி போகிற வழியில் என் தாய்மாமாவுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பொங்கல் லீவில் அங்கே போயிருந்தேன். மரமெல்லாம் பூ எடுத்திருந்த நேரம். பூவில் தத்துப்பூச்சி விழ ஆரம்பித்துவிட்டது. உடனே மருந்து அடிக்க வேண்டும். மாமா மெஷினை எடுத்துக் கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், ஸ்டார்ட் ஆகவே இல்லை. டவுனுக்கு எடுத்துப்போய் மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றார். நான் விடுவேனா? தெர்மல் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய திமிர். இது வெறும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தானே மாமா, நானே பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மதியத்துக்குள் இன்ஜினை நார் நாராகக் கழற்றிவிட்டேன். சிலிண்டர், பிஸ்டன், ரிங் ஒன்றையும் விடவில்லை. மாட்டும்போதுதான் வந்தது வினை. கேஸ்கெட் கிழிந்திருந்தது. பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் ஒன்று மண்ணில் எங்கேயோ தெறித்துப் போய்விட்டது. எது முன்னால் கழற்றியது, எது பின்னால் கழற்றியது என்றே தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் போட்டு டவுனுக்குத்தான் தூக்கிப் போனோம். மெக்கானிக் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, கார்புரேட்டரை மட்டும் கையில் எடுத்தார். போன சீசனில் மிச்சம் விட்ட பெட்ரோல் உள்ளேயே காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைத்திருந்தது. கார்புரேட்டரை மட்டும் கழுவியிருந்தால் பத்து நிமிஷ வேலை.

சாமான் வந்து சேர ஐந்து நாள் ஆனது. பக்கத்துத் தோட்டத்தில் மெஷின் இரவல் கிடைக்கவில்லை. அவரவருக்கு அவரவர் பூ. அந்த ஐந்து நாளில் கீழ்ப்பக்கத்து மரங்களில் பூ கறுத்துக் கொட்டிவிட்டது. மாமா என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்ளே, சாப்பிட வா என்று மட்டும் கூப்பிட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆண்டு நம் வகுப்பு கோயம்புத்தூருக்குத் தொழிற்சுற்றுலா போனது. அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு கண்காட்சியைக் காட்டினார்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். இவரும் ஓர் இன்ஜினைக் கழற்றியவர்தான். ஆனால் இவர் திரும்ப மாட்டினார்!

மண்ணெண்ணெய் கொண்டுவந்த பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை மாவட்டம் சூலூருக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எல்லையில் இருக்கிற நமக்கு அது ஒன்றும் புதுசு இல்லை. சிறு வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடிய பையன் என்று இன்றும் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அப்புறம் தோட்ட வேலை, ஓய்வு நேரத்தில் தானாகவே தமிழ்ப் புத்தகம் படிப்பது என்று நாள் போயிற்று.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்ற இங்கிலாந்து மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடு இழுக்காமல், குதிரை இழுக்காமல் தானாக ஓடுகிற வண்டியை அந்தப் பையன் அப்போதுதான் முதலில் பார்க்கிறான். வண்டி வழியில் நின்றுவிட்டது. அதிகாரி கேட்க, பையன் ஓடிப்போய் மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தான். அவர் துடைத்து, சரிபண்ணி, ஏறிப் போய்விட்டார். வண்டி போய்விட்டது, ஆனால் பையனின் மனசு அதன் பின்னாலேயே போய்விட்டது என்றால் அது மிகையாகாது.

வீட்டில் கேட்டால் கிடைக்கிற பொருளா அது? துரைசாமி கோயம்புத்தூருக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை எடுத்து, டேபிள் துடைத்து, சுமார் மூன்று வருஷம் காசு சேர்த்தார். அந்தக் காலத்தில் ஏறக்குறைய முன்னூறு ரூபாய் என்பது சாதாரணப் பணமா? அதைக் கொண்டுபோய்க் கொடுத்து அதே வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியைக் கழற்றினார். ஒவ்வொரு பாகமாகப் பிரித்து, பார்த்து, திரும்பவும் மாட்டினார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, மேனுவல் இல்லை, கெட்டுப்போனால் வேறு சாமான் வாங்கக் கையில் பணமும் இல்லை. மூன்று வருஷச் சம்பாத்தியம் தரையில் பரப்பிக் கிடக்கிறது! நான் ஓர் இன்ஜினைத் தொலைத்தவன் என்பதால் அந்தத் தைரியம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிகிறது. அவசரப்பட்டிருந்தால் முடிந்திருக்காது. அவருடைய தொழில் வாழ்க்கை அந்த இடத்தில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு மெக்கானிக் வேலை அவருக்குக் கைவந்த கலை ஆகிவிட்டது.

ஒற்றை பஸ்ஸிலிருந்து

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை வைத்து நல்ல பணம் பார்த்தார். அந்தப் பணத்தோடு பம்பாய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். போன பணம் திரும்பவில்லை. கையில் மிஞ்சியது தொழில் ஒன்றுதான்.

கோவையில் ஆலை நடத்திய ஸ்டேன்ஸ் துரை அவருக்குக் கடன் கொடுத்து உதவினார். 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே விட்டார். டிரைவர் அவரே, மெக்கானிக்கும் அவரே. அதுதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற யு.எம்.எஸ். ஆக வளர்ந்தது. பத்துப் பதிமூன்று வருஷத்தில் அந்த ஒற்றை பஸ் சுமார் 280 பஸ்ஸாகப் பெருகியது என்று எழுதியிருக்கிறார்கள். நேரம் தவறாத பஸ் என்று அதற்குப் பெயர்.

பஸ் நேரம் தவறாமல் ஓட வேண்டுமானால் நடுவழியில் நிற்கக் கூடாது. நடுவழியில் நிற்காமல் இருக்க வேண்டுமானால் ஷெட்டில் ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான், ஆனால் செய்ய மாட்டோம். நாயுடு தன் வண்டிகளுக்குத் தானே ஒர்க்‌ஷாப் வைத்துக்கொண்டார். வெளியிலிருந்து வரவழைத்த சாமான்களை இங்கேயே செய்ய முடியுமா என்று பார்த்தார். ரேடியேட்டர் தொழிற்சாலை அப்படித்தான் வந்தது. ரிப்பேர் செய்கிற கை, மெல்ல மெல்ல உற்பத்தி செய்கிற கையாக மாறியது. நண்பர்களே, இந்த இடத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

1937-ல் டி. பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதலாவதாக மின்மோட்டாரைச் செய்து காட்டினார். பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் அப்படி உருவானது. இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கிணற்று மேட்டில் எல்லாம் கோயம்புத்தூர் மோட்டார் ஓடுகிறது என்றால், அந்த ஓட்டத்தின் தொடக்கம் அங்கேதான்.

ஜெர்மனிக்குப் போனார், அங்கே கண்ட சின்ன மோட்டாரை வைத்து 'ரேசன்ட்' என்ற மின்சார சவரக் கருவியைச் செய்தார். மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, குறைந்த விலை ரேடியோ, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் சின்ன பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்க்குள் அடங்கும் என்றார். அரசாங்கம் அனுமதி தரவில்லை. வரிக் கொடுமை தாங்காமல், தான் செய்த பொருள்களைப் பொதுமக்கள் முன்னால் தானே உடைத்தும் காட்டினார். எதையும் உடைக்காமல் பிரித்துப் பழகிய கை, வேண்டுமென்றே உடைத்தது. அந்த வலி எவ்வளவு இருந்திருக்கும்!

நம்மைப் பற்றிய சண்டை

பாலிடெக்னிக் மாணவர்களான நாம் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்ததற்கு நாயுடுவின் உழைப்பும் கொடையும் காரணம். ஆர்தர் ஹோப் அன்றைய சென்னை மாகாண கவர்னர். கல்லூரி பின்னால் இடம் மாறி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பகுதிக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்பு படித்தவர் அங்கே முதல்வராக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? பொறியியலுக்கு நான்கு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதும், ரேடியோ, ஆட்டோமொபைல் போன்றவற்றைச் சில வாரங்களிலேயே கற்றுக்கொடுக்கலாம் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அவர் சொன்னது முழுக்கச் சரியா? எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கணக்கும் தியரியும் இல்லாமல் புது இன்ஜினை வடிவமைக்க முடியாது. ஆனால் என் கதையையே பாருங்கள். ஆட்டோ சைக்கிள் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்தவனுக்கு, பழைய பெட்ரோல் ஜெட்டை அடைக்கும் என்று தெரியவில்லை. நாயுடு யாரோடு சண்டை போட்டாரோ, அந்த ஆள் நான்தான்!

அவர் 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி ரோட்டில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒற்றை பஸ் ஓட்டியவருக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை உண்டா?

மறுபடியும் மாந்தோப்பு

இந்த வருஷம் பொங்கலுக்கு மறுபடி மாமா வீட்டுக்குப் போனேன். மெஷினை நானே எடுத்துத் தரட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. மாமாவே கொண்டுவந்து முன்னால் வைத்தார். கை கொஞ்சம் நடுங்கியது. பழைய வெள்ளை வேட்டியைத் திண்ணையில் விரித்தேன். இந்தத் தடவை முழு இன்ஜினைத் தொடவே இல்லை. முதலில் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்தபடி இடைவெளி பார்த்தேன். ஏர் பில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு கார்புரேட்டரை மட்டும் பிரித்தேன். கழற்றிய வரிசையிலேயே வேட்டியில் இடமிருந்து வலமாக அடுக்கினேன். மாட்டும்போது வலமிருந்து இடமாக வந்தேன். ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. புது பெட்ரோலில் அளவு பார்த்து டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றினேன். ஆயில் மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அப்புறம் மாமா என்னைத் தோப்புக்குள்ளேயே விடமாட்டார்.

நாலாவது இழுப்பில் பிடித்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு கீழ்ப்பக்கத்து மரங்களுக்குப் போனார். எந்த மரங்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருக்கிற பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அப்புறம்தான் பரணில் ஏற்றினோம். உங்கள் வீட்டிலும் புல்வெட்டி, மருந்தடிக்கும் மெஷின், பவர் டில்லர் என்று ஏதாவது ஒன்று மூலையில் கிடக்கும். லீவில் போய் அதைப் பாருங்கள். பயப்படாமல் தொடுங்கள், அதே சமயம் வேண்டியதற்கு மேல் கழற்றாதீர்கள். எல்லோரும் ஜி.டி. நாயுடு ஆகிவிட முடியாது. ஆனால் கழற்றியதைத் திரும்ப மாட்டுகிறவர்களாக நாம் எல்லோருமே ஆகலாம்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை