என். கோபாலசாமி அய்யங்கார்

நரசிம்ம கோபாலசாமி அய்யங்கார் (மார்ச் 31, 1882 - பெப்ரவரி 10, 1953) தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த நிர்வாகியும் அரசியலாளரும் ஆவார். காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராகவும், இந்திய அரசியலமைப்பு வரைவுக் குழுவின் ஏழு உறுப்பினர்களில் ஒருவராகவும், விடுதலை பெற்ற இந்தியாவின் இரயில்வே, பாதுகாப்புத் துறைகளின் அமைச்சராகவும் பணியாற்றினார். அரசியலமைப்பின் 370-ஆம் பிரிவோடு சேர்த்தே இவர் பெயர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. 1948 சனவரியில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபைக்குச் சென்ற இந்தியத் தூதுக்குழுவின் தலைவரும் இவரே. இந்திய வான்படை தன் நிலப்பகுதிக்குள் புகுந்து தாக்கியதாகப் பாகிஸ்தான் முதன்முதலில் அச்சபையில் முறையிட்டபோது, அதற்கு எதிரே அமர்ந்திருந்தவர் இவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

இளமையும் அரசுப் பணியும்

சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற கோபாலசாமி, 1904-இல் பச்சையப்பன் கல்லூரியில் துணைப் பேராசிரியராகச் சிறிது காலம் இருந்தார். 1905-இல் சென்னை மாகாண அரசுப் பணியில் துணை ஆட்சியராகச் சேர்ந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மாகாண நிர்வாகத்திலேயே கழிந்தன. ஊராட்சி அமைப்புகளின் தலைமைப் பதிவாளராக இருந்தபோது இராமநாதபுரம், குண்டூர் மாவட்டங்களில் பல கிராம ஊராட்சிகளை நிறுவினார். அனந்தப்பூர் மாவட்ட ஆட்சியராகவும் இருந்தார்.

1932 முதல் 1934 வரை மாகாணப் பொதுப்பணித் துறையின் செயலாளராக இருந்தார். 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணைப் பணி முடிவை எட்டிய ஆண்டுகள் அவை. 1934 ஆகத்து 21 அன்று அணை திறக்கப்பட்டது. அதே திட்டத்தைச் சேர்ந்த கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பகுதியின் வானம் பார்த்த நிலங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டு சென்றது. அணை பொறியாளர்களின் சாதனையே. செயலாளரின் பங்கு கோப்புகளோடு நின்றிருக்கும். ஆயினும் தன் மாவட்டத்தின் குறுவையும் சம்பாவும் எந்த நீரை நம்பியிருக்கப் போகின்றனவோ, அந்த நீரின் கோப்புகள் தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் மேசையைக் கடந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

அக்கால வருவாய் அதிகாரி ஒருவரின் அன்றாட வேலை கர்ணத்தின் அடங்கல், புல எண், வரப்பு, வாய்க்கால் உரிமை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. நிலம் யாருடையது என்று முடிவானால்தான் அதன் மேல் உள்ள மற்ற உரிமைகளைப் பற்றிப் பேச முடியும். கோபாலசாமி பிற்காலத்தில் எதிர்கொண்ட வழக்கும் அடிப்படையில் இதே வகையைச் சேர்ந்தது.

காஷ்மீர்ப் பிரதமர்

1937-இல் மகாராஜா ஹரி சிங் இவரைச் சம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராக அமர்த்தினார். 1943 வரை அப்பதவியில் இருந்தார். சமஸ்தானத்தின் 1939-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் இவர் காலத்தில் வந்தது. பொறுப்பாட்சி கோரி 1938-இல் நடந்த கிளர்ச்சியின்போது ஷேக் அப்துல்லா சிறையில் அடைக்கப்பட்டதும் இவர் காலத்தில்தான். பத்து ஆண்டுகளுக்குள் அதே அப்துல்லா, இவர் தலைமையேற்ற ஐ.நா. தூதுக்குழுவில் உறுப்பினராக அமர்ந்தார். 1941-இல் பிரித்தானிய அரசு இவருக்குச் சர் பட்டம் வழங்கியது.

1946-47-இல் ஆயுதப் படைகளை இந்தியமயமாக்குவது பற்றி ஆராய்ந்த குழுவுக்கு இவர் தலைவராக இருந்தார். அக்குழுவின் பணி முழுமையாகச் செயலுக்கு வருமுன் நாடு பிரிந்தது. அதனால் 1947-48 போரில் இருதரப்புப் படைகளுக்கும் பிரித்தானியத் தளபதிகளே தலைமை வகித்தனர். இந்திய வான்படைக்கு எல்ம்ஹர்ஸ்டும் பாகிஸ்தான் வான்படைக்குப் பெர்ரி-கீனும் தலைவர்களாக இருந்தனர். ஒரே படையிலிருந்து பிரிந்தவை ஆதலால் இரண்டும் டெம்பெஸ்ட் போர் விமானங்களையும் டகோட்டா சரக்கு விமானங்களையும் வைத்திருந்தன.

பாதுகாப்புச் சபையில்

1947 அக்டோபரில் நேரு இவரைத் துறையில்லாத அமைச்சராக்கி, காஷ்மீர் விவகாரங்களைக் கவனிக்கச் செய்தார். சமஸ்தானங்கள் துறை தன்னிடம் இருக்க, காஷ்மீர் மட்டும் வேறொருவரிடம் போனதை வல்லபாய் பட்டேல் விரும்பவில்லை. அம்மனக்கசப்பு அவ்வாண்டு டிசம்பரில் பட்டேல் பதவி விலக முன்வரும் அளவுக்குச் சென்றது.

மகாராஜா 1947 அக்டோபர் 26 அன்று இணைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் காலை டகோட்டா விமானங்கள் இந்தியப் படையினரை ஸ்ரீநகரில் இறக்கின. அன்றிலிருந்து இப்போரில் வான்படையின் பங்கு பெரிதாயிற்று. முற்றுகையிடப்பட்ட பூஞ்ச் நகரம் விமானங்கள் கொண்டுவந்த உணவாலும் தளவாடங்களாலும் தாக்குப்பிடித்தது. 1948 மே மாதத்தில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் முதல் டகோட்டா இறங்கியது. மறுபுறம் பாகிஸ்தான் டகோட்டாக்கள் கில்கித், ஸ்கார்டு பகுதிகளில் பொருள்களைப் போட்டு வந்தன. 1948 நவம்பரில் அவற்றுள் ஒன்றை இந்திய டெம்பெஸ்ட் விமானங்கள் தாக்கின.

இந்தியா 1948 சனவரி 1 அன்று பாதுகாப்புச் சபையில் முறையிட்டது. பழங்குடிப் படையினருக்குப் பாகிஸ்தான் தன் நிலத்தையும் தளவாடங்களையும் அளித்து உதவுகிறது. அது நிற்காவிடில் தற்காப்புக்காக இந்தியா பாகிஸ்தான் நிலத்துக்குள் நுழைய நேரிடலாம் என்பது முறையீட்டின் சாரம். சனவரி 15 அன்று பாகிஸ்தான் தன் எதிர்முறையீட்டை அளித்தது. இணைப்பே மோசடியாலும் வன்முறையாலும் பெறப்பட்டது என்பது அதன் முதன்மை வாதம். இந்திய வான்படை பாகிஸ்தான் நிலப்பகுதி மீது பல தாக்குதல்கள் நடத்தியுள்ளது என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. எதிர்முறையீட்டின் குற்றச்சாட்டுகளை இந்தியா ஏற்கவில்லை.

வழக்கின் இக்கட்டு இங்கேதான் இருந்தது. 1944 டிசம்பரில் கையெழுத்தான சிக்காகோ உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் அந்நாட்டுக்கே முழு இறைமை உண்டு. மற்றொரு நாட்டின் இராணுவ விமானம் அனுமதியின்றி அதில் பறக்கக் கூடாது. நிலம் யாருடையது என்பதில் உடன்பாடு இருக்கும்வரை இவ்விதி தெளிவானது. காஷ்மீரில் அந்த உடன்பாடே இல்லை. இணைப்பு செல்லும் என்றால், முசாஃபராபாத் மீது பறக்கும் இந்திய விமானம் தன் நாட்டில் பறக்கிறது. கில்கித் மீது பறக்கும் பாகிஸ்தான் விமானம் அத்துமீறுகிறது. இணைப்பு செல்லாது என்றால் அத்துமீறுவது இந்திய விமானம். சமஸ்தானத்தின் மேற்கெல்லையில் நீண்ட தூரம் சீலம் ஆறே எல்லை. கோகாலாப் பாலத்தின் ஒரு கரை காஷ்மீர், மறு கரை பாகிஸ்தான். மணிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் டெம்பெஸ்ட் விமானி, ஆற்றைத் தாண்டாமல் திரும்பச் சில நொடிகளே கிடைக்கும். தாண்டினாரா இல்லையா என்பதைப் பின்னர் மெய்ப்பிக்க நடுநிலையான சாட்சியும் அங்கில்லை, அந்நாட்களில் ஐ.நா. பார்வையாளர்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

சபை அப்போது நியூயார்க் அருகே லேக் சக்சஸ் என்ற ஊரில், ஸ்பெர்ரி நிறுவனத்தின் தொழிற்சாலைக் கட்டிடத்தில் கூடியது. விமானங்களுக்கான திசைகாட்டும் கருவிகளைச் செய்த நிறுவனம் அது. சட்ட வல்லுநர் எம். சி. செடல்வாட்டும் ஷேக் அப்துல்லாவும் தூதுக்குழுவில் இருந்தனர். எதிரே பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் சர் முகமது ஜஃபருல்லா கான். கோபாலசாமி வழக்கைக் காஷ்மீர் மீதான படையெடுப்பு என்ற ஒரே புள்ளியில் நிறுத்த முயன்றார். ஜஃபருல்லா கான் பல மணி நேரம் பேசி, பிரிவினைப் படுகொலைகள், ஜுனாகத், வான்தாக்குதல் என அனைத்தையும் ஒரே வழக்காக்கினார். சனவரி 20 தீர்மானம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் முன் இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றன. முறையிட்டவர், முறையிடப்பட்டவர் என்ற வேறுபாடு மறைந்தது.

வாதத்திறனில் கோபாலசாமி தோற்றுவிட்டார் என்று அன்றே பலர் குறை கூறினர். அது ஓரளவு உண்மை. கோப்பு எழுதிப் பழகிய நிர்வாகி அவர். ஜஃபருல்லா கான் நீதிமன்றத்தில் வளர்ந்தவர். ஆயினும் பழியை முழுவதும் பேச்சாளர் மீது சுமத்துவது முறையாகாது. பிலிப் நோயல்-பேக்கர் தலைமையிலான பிரித்தானியக் குழு பாகிஸ்தானின் நிலைப்பாட்டுக்கு நெருக்கமாக நின்றது. பாகிஸ்தானின் முறையான படைகள் மே மாதம் முதல் காஷ்மீரில் இருப்பதை ஜஃபருல்லா கானே 1948 சூலையில் ஐ.நா. குழுவிடம் ஒப்புக்கொண்டார். சபை வாதங்கள் முடிந்து பல மாதங்களுக்குப் பின்னர் வந்த ஒப்புதல் அது.

1949 சனவரி 1 முதல் போர் நின்றது. வான்வெளி பற்றிய கேள்வி தீரவில்லை. போர் விமானங்கள் ஒன்று மற்றொன்றின் வான்வெளிக்கு 10 கிலோமீட்டருக்குள் பறப்பதில்லை என்ற உடன்பாட்டில் இரு நாடுகளும் கையெழுத்திட 1991 ஏப்ரல் 6 வரை ஆயிற்று.

அமைச்சராக

1948 செப்டம்பரில் போக்குவரத்து, இரயில்வே அமைச்சரானார். பல நிறுவனங்களாகச் சிதறிக் கிடந்த இரயில் பாதைகளை மண்டலங்களாக ஒருங்கிணைத்தது இவர் காலப் பணி. அவற்றுள் முதலாவதான தெற்கு இரயில்வே 1951 ஏப்ரல் 14 அன்று உருவானது. தஞ்சைப் பகுதிக்கு இரயிலைக் கொண்டுவந்த தென்னிந்திய இரயில்வேயும் அதில் இணைந்தது.

1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் 306-ஏ பிரிவை முன்மொழிந்தார். அதுவே பின்னர் 370-ஆம் பிரிவாகி, 2019 ஆகத்தில் செயலிழக்கச் செய்யப்பட்டது. ஆட்சிமொழி பற்றிய முன்ஷி-அய்யங்கார் வாய்பாட்டிலும் இவர் பெயர் உண்டு. ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள் தொடரலாம் என்று வகுத்த அவ்வாய்பாட்டின் விளைவைத் தமிழ்நாடு 1965-இல் கண்டது.

1952 மே மாதம் பாதுகாப்பு அமைச்சராகவும் மாநிலங்களவையின் முதல் அவை முன்னவராகவும் ஆனார். அவ்வாண்டு ஆகத்து, செப்டம்பரில் ஜெனீவாவில் ஐ.நா. பிரதிநிதி பிராங்க் கிரகாம் முன்னிலையில் மீண்டும் ஜஃபருல்லா கானைச் சந்தித்தார். போர்நிறுத்தக் கோட்டின் இந்தியப் பக்கத்தில் குறைந்தது 21,000 படையினர் தேவை என்ற நிலையில் உறுதியாக நின்றார். பேச்சு முறிந்தது. 1953 பெப்ரவரி 10 அன்று, பதவியில் இருக்கும்போதே காலமானார்.

குடும்பம்

இவருடைய மகன் கோ. பார்த்தசாரதி (1912-1995) இதழாளராகவும் துடுப்பாட்டக்காரராகவும் இருந்து பின்னர் அரசதந்திரி ஆனவர். அவர் சீனாவில் தூதராக இருந்த காலத்தில் (1958-1961) இந்தியாவும் சீனாவும் வான்வெளி அத்துமீறல் பற்றிப் பல கண்டனக் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டன. இந்திய வானில் பறந்தவை தம் விமானங்கள் அல்ல, பாங்காக்கிலிருந்து வந்த அமெரிக்க விமானங்கள் என்று சீனா 1960-இல் மறுமொழி கூறியது. வெறும் சாக்கு என்றே அது அப்போது கருதப்பட்டது. திபெத்தியக் கிளர்ச்சியாளருக்கு ஆயுதம் போட அமெரிக்க உளவு நிறுவனம் தாய்லாந்திலிருந்து விமானங்களை அனுப்பி வந்தது பிற்காலத்தில் வெளியானது.

1974-இல் காஷ்மீர் உடன்பாட்டை ஷேக் அப்துல்லாவின் சார்பாளரான மிர்சா அஃப்சல் பேக்குடன் பேசி முடித்தவரும் பார்த்தசாரதியே. தந்தை வரைந்த 370-ஆம் பிரிவு நீடிக்கும் என்று அதில் எழுதப்பட்டது. 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் இந்திரா காந்தியின் சிறப்புத் தூதராகக் கொழும்பு சென்றார். அவர் உருவாக்கிய தீர்வு வரைவு நிறைவேறவில்லை. 1987 சூன் 4 அன்று ஐந்து இந்திய ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மீது ஏறத்தாழ 25 டன் நிவாரணப் பொருள்களைப் போட்டன. விமானங்கள் பறப்பதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னரே தில்லியிலிருந்த இலங்கைத் தூதரிடம் செய்தி தெரிவிக்கப்பட்டது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் நடந்த இந்நிகழ்வை, இலங்கை தன் இறைமையின் மீதான அப்பட்டமான மீறல் என்று கண்டித்தது.