கணவர், 3 மகன்கள் அடுத்தடுத்து மரணம்.. இருட்டறையில் முடங்கிய அமெரிக்க அதிபரின் மனைவி: யார் இந்த மேரி லிங்கன்?

அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டது எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்த நொடியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனைவி மேரிக்கு அப்புறம் என்ன ஆச்சு?

தொடர் இழப்புகள்

1818-ல் கென்டக்கியில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் மேரி டாட். 1842-ல் லிங்கனுடன் திருமணம். 4 மகன்கள். இரண்டாவது மகன் எட்வர்ட் 1850-ல் இறந்தான், 4 வயதுகூட ஆகவில்லை. 1862-ல் வெள்ளை மாளிகையிலேயே 11 வயது வில்லி காய்ச்சலில் இறந்தான். அந்த துக்கம் ஆறும் முன்பே, 1865 ஏப்ரல் 14 இரவு, ஃபோர்டு தியேட்டரில் கண் முன்னே கணவர் சுடப்பட்டார்.

கதவை மூடிக்கொண்ட 5 வாரங்கள்

கணவரின் இறுதிச் சடங்கில்கூட மேரி கலந்துகொள்ளவில்லை. 5 வாரங்களுக்கும் மேல் வெள்ளை மாளிகை அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்போது கூடவே இருந்தவர் எலிசபெத் கெக்லி. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற தையல் கலைஞர். உள்நாட்டுப் போரில் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். மேரியின் வலி அவருக்குப் புரிந்தது. ஆனால் 1868-ல் கெக்லி எழுதிய புத்தகத்தில் சொந்த விஷயங்கள் வெளியானதால் அந்த நட்பும் உடைந்தது.

பயம் மட்டுமே துணை

1871-ல் 18 வயது டாட் இறந்தான். மிச்சம் இருந்தது மூத்த மகன் ராபர்ட் மட்டும்தான். 1875-ல் ஃபுளோரிடாவில் தங்கியிருந்தபோது, சிகாகோவில் ராபர்ட் சாகக் கிடப்பதாக மேரி நம்பினார். நலமாக இருப்பதாகத் தந்தி வந்தும் நம்பாமல் ரயில் ஏறினார். ராபர்ட் நல்லாத்தான் இருந்தார்.

இங்கதான் தனிமை தன் வேலையைக் காட்டுகிறது. அதிர்ச்சிக்கு ஆளான மனசு, அடுத்த இடி எப்போ விழும்னு காத்துக்கிட்டே இருக்கும். பக்கத்தில் நம்பிக்கையான ஆள் இருந்தால், அந்தப் பயத்தைச் சொல்லி சரிபார்க்கலாம். யாரும் இல்லாவிட்டால், பயமே உண்மை மாதிரி ஆகிவிடும்.

மகனே தொடர்ந்த வழக்கு

அதே ஆண்டு மே மாதம் ராபர்ட் நீதிமன்றம் சென்றார். ஒரே நாளில் விசாரணை முடிந்து, மேரி மனநலம் பாதித்தவர் எனத் தீர்ப்பு வந்தது. இல்லினாய்ஸ் மாநிலம் படேவியாவில் உள்ள தனியார் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். மேரி சும்மா இருக்கவில்லை. வழக்கறிஞர் ஜேம்ஸ் பிராட்வெல், அவரது மனைவி மைரா ஆகியோரின் உதவியுடன் போராடி, சுமார் 4 மாதங்களில் வெளியே வந்தார்.

மாற்றம் தந்த அக்கா வீடு

அடுத்து அவர் போனது ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அக்கா எலிசபெத் வீட்டுக்கு. சொந்தங்களோடு இருந்த அந்த மாதங்களில் நிலைமை மாறியது. 1876 ஜூனில் மேரி நலமாக இருப்பதாக நீதிமன்றமே அறிவித்தது.

ஆனால் மகன் மறுபடியும் அடைத்துவிடுவாரோ என்ற பயம் போகவில்லை. பிரான்சின் போ நகருக்குச் சென்று சுமார் 4 ஆண்டுகள் தனியாக வாழ்ந்தார். அக்காவின் பேரன் லூயிஸுக்கு எழுதிய கடிதங்கள்தான் சொந்த ஊரோடு இருந்த முக்கியத் தொடர்பு. கீழே விழுந்து முதுகில் அடிபட்டதும் 1880-ல் ஊர் திரும்பினார்.

அதே வீட்டில் முடிவு

கடைசிக் காலத்தில் அக்கா வீட்டிலேயே திரைச்சீலைகளை மூடிய அறையில் முடங்கினார். டாட்டின் நினைவு நாளில் மயங்கி விழுந்து, மறுநாள் 1882 ஜூலை 16-ல், 63 வயதில் காலமானார். 40 ஆண்டுகளுக்கு முன் லிங்கனை மணந்ததும் இதே வீட்டில்தான்.

மேரிக்கு இருந்தது மனநோயா, ஆறாத துக்கமா? வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் ஒன்று தெளிவு. பேசக் கேட்க ஆள் இருந்தபோதெல்லாம் அவர் எழுந்து நின்றார். துக்க வீட்டுக்கு 16 நாள் வரை போய் வருகிறோம். அதன் பிறகுதான் அங்கே தனிமை தொடங்குகிறது என்பதையும் நினைவில் வைத்தால் நல்லது.