ரமண மகரிஷி: திருவண்ணாமலை சாமியார் திருச்சுழியிலிருந்து எடுத்துச் சென்றது என்ன?

ரமண மகரிஷி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது திருவண்ணாமலை, கோவணம், கையில் ஒரு கமண்டலம். ஆனால் அவர் பிறந்தது அங்கே இல்லை. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் திருச்சுழியில். வானம் பார்த்த பூமி அது. 16 வயதில் மதுரையிலிருந்து கிளம்பிப் போனவர், அதன் பிறகு ஒரு தடவைகூட சொந்த ஊருக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த வறண்ட காட்டின் பழக்கங்கள் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை என்பதற்கு நிறைய சம்பவங்கள் இருக்கின்றன.

தாது வருஷம் முடிந்த கையோடு

அவர் பிறந்தது 1879 டிசம்பர் 30, நள்ளிரவு தாண்டி. மார்கழித் திருவாதிரை. வீட்டில் வைத்த பெயர் வெங்கட்ராமன். அப்பா சுந்தரம் ஐயர், அம்மா அழகம்மாள்.

அந்த வருஷம் முக்கியம். 1876-லிருந்து 1878 வரை தென்னிந்தியாவைப் புரட்டிப் போட்ட பஞ்சத்தைத்தான் நம் பாட்டி, பூட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி வந்தார்கள். அடுத்தடுத்து பருவமழை பொய்த்தது. 50 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் செத்துப் போனார்கள் என்பது மதிப்பீடு. அது ஓய்ந்து ஓரிரு வருஷத்தில் பிறந்த குழந்தை இது. அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பஞ்சத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

அப்போது திருச்சுழி ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் நிறையும், இல்லாவிட்டால் இல்லை. ஊரை ஒட்டி ஓடும் குண்டாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். கோயில் புராணத்தில் இதற்குக் கௌண்டின்ய நதி என்று பெயர், பெயரில் இருக்கும் தண்ணீர் ஆற்றில் இருக்காது. கரிசலில் பருத்தி, சோளம், கம்பு. வரப்பில் பனை. காடு காய்ந்து போனால் பிழைப்புக்கு ஊரைக் காலி செய்துவிட்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போவது ராமநாதபுரம் சீமையில் சாதாரணம்.

வக்கீல் வீட்டுக் கதவு

சுந்தரம் ஐயர் வசதியான வீட்டில் பிறந்தவர் இல்லை. 12 வயதில் கணக்குப்பிள்ளையிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தார், மாதம் 2 ரூபாய் சம்பளம். அப்புறம் மனு எழுதிக் கொடுத்தார். பிறகு சட்டப் பட்டம் ஏதும் இல்லாமலே உள்ளூர் மாஜிஸ்திரேட் அனுமதியோடு வக்கீல் ஆனார். நன்றாகவே சம்பாதித்தார்.

வீடு கட்டியபோது அதை ஒரே மாதிரி இரண்டு பகுதியாகக் கட்டினார். ஒன்று குடும்பத்துக்கு, இன்னொன்று வருகிறவர்களுக்கு. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிகள் வீடு கிடைக்கும் வரை அங்கேதான் தங்குவார்கள், சாப்பாடும் அங்கேதான்.

இந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் சாப்பாடு கேட்டு வந்த ஒரு சன்னியாசியை வீட்டில் சரியாக மதிக்கவில்லையாம். தலைமுறைக்கு ஒருத்தர் பிச்சை எடுத்துச் சாப்பிடும்படி ஆகட்டும் என்று அவர் சாபம் கொடுத்துவிட்டாராம். சாபத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் சுந்தரம் ஐயரின் சித்தப்பா சாமியாராகப் போனது உண்மை, அண்ணன் போனதும் உண்மை. பசித்து வந்தவனை விரட்டுவதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று பஞ்சம் கண்ட ஊர் நினைத்ததை இந்தக் கதை காட்டுகிறது.

அப்போது திருச்சுழிக்கு ரயில் கிடையாது. எங்கே போவதென்றாலும் மாட்டு வண்டி. வழிப்பறி பயம் உண்டு. ஆனால் வழிமறிக்கிறவர்கள்கூட, வண்டியில் இருப்பது சுந்தரம் ஐயர் என்று தெரிந்தால் தொட மாட்டார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

படிக்கட்டில் போட்ட அடையாளம்

திருமேனிநாதர் கோயில்தான் ஊருக்கு நடுநாயகம். 6 வயதில், அப்பாவின் பழைய வழக்குக் காகிதங்களை எடுத்துக் காற்றாடி செய்துவிட்டான் வெங்கட்ராமன். அப்பா கோபத்தில் திட்ட, பையனைக் காணோம். தேடிப் பார்த்தால் கோயிலில் துணைமாலை அம்மன் சன்னதிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

கோயில் குளம் இன்னொரு விளையாட்டு. மாசி மாதம் பௌர்ணமிக்கு முந்தைய பத்து நாளும் அந்தக் குளத்தில் தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், பிறகு அதேபோல இறங்கும். பிள்ளைகள் படிக்கட்டில் அடையாளம் போட்டு வைத்து, இன்றைக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பல வருஷம் கழித்து திருவண்ணாமலையில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார் ரமணர். தண்ணீர் ஓர் அங்குலம் ஏறினாலும் கவனிக்கிற ஊர்ப் பிள்ளை.

1892 பிப்ரவரியில் சுந்தரம் ஐயர் இறந்தார். வெங்கட்ராமனுக்கு 12 வயது. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் நாகசாமியோடு அவன் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனான். அம்மா சின்னப் பிள்ளைகளோடு மானாமதுரைக்குப் போனார். பின்னாளில் கடன் காரணமாகத் திருச்சுழி வீட்டையே விற்க வேண்டி வந்தது.

மூன்று ரூபாய்

அடுத்து நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. 1896 ஜூலையில் மதுரை வீட்டில் திடீரென்று வந்த மரண பயம். தன்னையே செத்ததாகப் பாவித்துப் படுத்து, சாகாதது எது என்று உள்ளே பார்த்தது. ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29-ம் தேதி, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுத்தான் போனான். தேவைக்கு மேல் எடுக்காத அந்தக் கணக்கைக் கவனியுங்கள். திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. காசு தீர்ந்ததும் நடை. கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை.

மலையிலும் தண்ணீர்ப் பிரச்னைதான்

1899-லிருந்து 1916 வரை அவர் இருந்தது மலைமேல் விரூபாட்ச குகை. கோடையில் அங்கே வெக்கை தாங்காது, தண்ணீரும் இல்லை. அதனால் முலைப்பால் தீர்த்தம் பக்கத்தில் இருக்கும் மாமரத்துக் குகைக்கு மாறிவிடுவார். கூட இருந்தவர்கள் ஊருக்குள் போய் பிச்சை எடுத்து வருவார்கள். வந்ததை எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். அக்ஷரமணமாலை என்ற அவரது புகழ்பெற்ற பாட்டே, பிச்சைக்குப் போகிறவர்கள் பாடிக்கொண்டு போவதற்காகக் கேட்டு உருவானதுதான்.

துண்டு கந்தலாகிவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. கள்ளி முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவி, யாருக்கும் தெரியாமல் தைத்துக்கொண்டார். இன்னொரு நாள் முள் கம்பு ஒன்றை எடுத்து முள்ளையெல்லாம் சீவி, கணுவை மழித்து, சொரசொரப்பான இலையால் தேய்த்து மணிக்கணக்கில் வழுவழுப்பாக்கினார். வேலை முடிகிற நேரம் கம்பைத் தொலைத்துவிட்டு ஒரு ஆட்டுக்காரப் பையன் வந்தான். அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பலன் கருதாத வேலை எப்படி இருக்கும் என்று விளக்கம் கேட்டு வந்த ஒருவர் அப்போது கூடவே இருந்தார்.

இந்த மலை வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. மலையில் புல் அறுக்க வரும் பெண்கள். தீண்டாமைக்கு ஆளான சாதியைச் சேர்ந்தவர்கள். விடியும் முன்னே ஒரு வாய் கஞ்சியோடு மலை ஏறி, உச்சி வெயிலில் புல்லுக்கட்டோடு இறங்கி வருவார்கள். தீர்த்தத்தில் தண்ணீர் இருந்தாலும் அவர்கள் தொடக்கூடாது. குகைக்கு முன்னால் வந்து, முதலில் முதுகில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லிக் குனிவார்கள். ரமணர் ஊற்றுவார். பிறகு கையேந்திக் குடிப்பார்கள். அவர்கள் வரும் நேரம் தெரிந்து தண்ணீர் தயாராக வைத்திருப்பாராம். இதையும் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

சாதியை எதிர்த்து அவர் போராட்டம் நடத்தியவர் இல்லை. பின்னாளில் ஆசிரமப் பந்தியிலேயே பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது, அது விமர்சனத்துக்கும் உள்ளானது. ஆனால் தண்ணீர் என்று வந்தபோது கணக்குப் பார்க்கவில்லை.

காம்பைக்கூட வீசாத சமையல்கட்டு

1916-ல் அழகம்மாள் நிரந்தரமாக மகனோடு வந்து சேர்ந்தார். சுனை இருக்கும் கந்தாஸ்ரமத்துக்கு எல்லோரும் மாறினார்கள். அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வழக்கமே ஒழுங்காக வந்தது. 1922 மே 19-ல் அம்மா இறந்தார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

அங்கே பல வருஷம் விடிகாலையில் எழுந்து காய் நறுக்கியது ரமணர்தான். சட்னி அரைப்பார். கத்திரிக்காய்க் காம்பைக்கூட வீச விடமாட்டார், அதிலும் ஒரு கறி செய்யச் சொல்வார். தரையில் கிடக்கும் ஒற்றைக் கடுகை நகத்தால் எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டதைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பந்தியில் தனக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கோபம் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து தத்துவம் கேட்க வந்தவர்களுக்கு இதெல்லாம் துறவியின் விசித்திரமாகத் தெரிந்தது. திருச்சுழிப் பக்கத்து வீடுகளில் இது விசித்திரம் இல்லை, எந்தக் கிழவியும் செய்வதுதான்.

திருடர்கள் வந்த இரவு

1924 ஜூன் 26. ஆசிரமம் என்றால் சில ஓலைக் கொட்டகைகள். ராத்திரி திருடர்கள் வந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிடச் சொன்னார் ரமணர். வெளியே வந்தவரை இடது தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கப் போன சீடரைத் தடுத்தார். விளக்கு கேட்டபோது அரிக்கேன் விளக்கும் கொடுக்கப்பட்டது. தேடிப் பார்த்தால் எடுக்க ஒன்றும் பெரிதாக இல்லை, சில ரூபாயும் கொஞ்சம் அரிசியும்தான்.

அப்பாவின் வண்டியைத் தொடாமல் விட்டவர்களைப் பற்றி ரமணருக்கு அந்த இரவில் நினைவு வந்ததா என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை.

இடது கையில் வந்த சதைப் புற்றுக்கு 1949-ல் அடுத்தடுத்து அறுவை சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு 8.47 மணிக்கு இறந்தார். கடனுக்குக் கைமாறிய திருச்சுழி வீட்டை ஆசிரமம் பிறகு வாங்கியது. அப்பாவின் நினைவாக அதற்கு சுந்தர மந்திரம் என்று பெயர். கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.