விண்மீனை அளந்த கணக்குப்பிள்ளை

சூரியன் மேட ராசிக்குள் போகிற நேரத்தை நாழிகை, விநாடி பார்த்துப் புத்தாண்டு கொண்டாடுகிற ஆட்கள் நாங்கள். வாக்கியமா, திருக்கணிதமா எண்டு வருசா வருசம் வாக்குவாதமும் இருக்கும். அதனால் இம்முறை மலருக்கு, வானத்துக்குக் கணக்குப் பார்த்த ஒரு ஜேர்மன்காரரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பிறீட்றிச் வில்ஹெல்ம் பெசல். 1784ம் ஆண்டு யூலை 22ம் திகதி மிண்டன் நகரில் பிறந்தவர். தகப்பனார் சாதாரண அரச உத்தியோகத்தர், வீட்டிலே ஒன்பது பிள்ளைகள். லத்தீன் பாடம் பிடிக்காமல் 14 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டார். ஏ.எல். படிப்போடு மெசினுக்கு முன்னால் வந்து நிற்கிற எனக்கு, இந்த இடத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டது. 1799ல் பிறேமன் துறைமுகத்தில் ஒரு வர்த்தகக் கொம்பனியில் பயிலுநராகச் சேர்ந்தார். இப்போதைய அவுஸ்பில்டுங் மாதிரித்தான், ஆனால் ஏழு வருசம், சம்பளமும் இல்லை. கப்பலோடு போய் வியாபாரம் செய்யும் ஆசையில், வேலை முடிந்த இரவுகளில் கடலில் வழி காணும் கணக்குகளைப் படித்தார். கப்பல் நிற்கிற இடத்தை அறிய நட்சத்திரம் தெரியவேணும். அப்படியே வானியலுக்குள் இழுபட்டுப் போனார். 1804ல், 20 வயதில், 1607ல் தோன்றிய ஹலி வால்வெள்ளியின் பாதையைப் பழைய குறிப்புகளை வைத்துக் கணித்து, பிறேமனில் வைத்தியராகவும் வானியலாளராகவும் இருந்த ஒல்பேர்சிடம் காட்டினார். ஒல்பேர்ஸ் அசந்துபோய் அதை அச்சேற்ற உதவினார். 1806ல் கொம்பனியை விட்டு, லிலியென்தாலில் இருந்த தனியார் வானாய்வுக்கூடமொன்றில் சிறிய சம்பளத்துக்குச் சேர்ந்தார் பெசல்.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். அதே 1806ல் பிரஷ்யா நெப்போலியனிடம் தோற்றது. 1807ல் நாட்டின் ஏறக்குறைய பாதி நிலம் பறிபோனது, பெருந்தொகை நட்டஈடும் தலையில் விழுந்தது. அரசர் பெர்லினை விட்டு ஓடி, கிழக்கே கொனிக்ஸ்பேர்க் பக்கம் வந்திருந்தார். இப்படிக் கஜானா காலியான நேரத்தில், கல்விக்குப் பொறுப்பாக வில்ஹெல்ம் பொன் ஹும்போல்ட் இருந்த காலத்தில், கொனிக்ஸ்பேர்க்கில் அரச வானாய்வுக்கூடம் ஒன்று கட்டத் தீர்மானித்தார்கள். எந்தச் சங்கக் கூட்டத்திலும் புத்தகம் வாங்கக் காசு கேட்டால், அவசரத் தேவையை முதலில் பாருங்கோ எண்டு ஒருவர் எழும்புவார். பிரஷ்யாவிலும் கட்டாயம் எழும்பியிருப்பார்கள்.

1810ல் அதற்குப் பொறுப்பாக அழைக்கப்பட்டவர் 25 வயதுப் பெசல். கையில் ஒரு பட்டமும் கிடையாது! பேராசிரியர் எண்டால் பட்டம் வேணுமே எண்டு பிரச்சினை வர, கணித மேதை கௌஸ் சிபாரிசு செய்ய, கொற்றிங்கன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. ஊரில் எடுத்த சேர்டிபிக்கற்றை இங்கே ஒப்புக்கொள்ள வைக்க நாங்கள் ஓடுகிற ஓட்டம் உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் காசு செலவழித்த விதந்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கவில்லை. 1812ல் நெப்போலியனின் படை ரஷ்யாவுக்கு அந்தப் பக்கத்தால் போன காலத்திலும் திட்டத்தைக் கைவிடவில்லை. 1813 கடைசியில் கூடம் இயங்கத் தொடங்கியது. முதற் கருவிகள், காலமான ஒரு பிரபுவிடம் இருந்த பழைய சாமான்கள். நட்சத்திரங்களின் இடத்தைச் சரியாக அளக்கிற புதுக் கருவி 1819 அளவில்தான் வந்தது. 1829ல் பிறவுண்கோபர் பட்டறையில் செய்த ஹீலியோமீற்றர் வந்தது. நல்ல லென்ஸ் ஒன்றை நடுவால் இரண்டாக அறுத்து, இரு பாதியையும் திருகாணியால் நகர்த்தி மிகச் சிறிய கோணங்களை அளக்கிற கருவி அது. மெசினில் வேலை செய்கிறவனுக்குத் தெரியும், அந்த லென்சில் கை வைக்க எவ்வளவு துணிச்சல் வேணும் எண்டு.

அதைக் கொண்டு 1838ல் பெசல் சாதித்தார். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாறி மாறி மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறுவது போலத் தெரியும். அதே மாதிரி, பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள நட்சத்திரமும் சற்று அசைவதாகத் தெரிய வேண்டும். நூற்றாண்டுகளாகத் தேடியும் ஒருவரும் அதை நிச்சயமாகக் காட்டவில்லை. அன்ன நட்சத்திரக் கூட்டத்தின் 61ம் நட்சத்திரத்தில் பெசல் அதைப் பிடித்தார். அந்தக் கோணம் எவ்வளவு தெரியுமோ? ஒரு ஒய்ரோக் குத்தியை 15 கிலோமீற்றருக்கு அப்பால் வைத்துப் பார்க்கிற அளவு. அதிலிருந்து தூரம் ஏறத்தாழ 10 ஒளியாண்டு எண்டு கணக்கு வந்தது. இன்றைய அளவு 11.4.

தீர்மானம் எடுத்ததிலிருந்து 28 வருசம். இடையில் எத்தனை மந்திரிகள் மாறியிருப்பார்கள்! பெசல் மாறவில்லை. பெர்லினுக்கு அழைத்தபோதும் போகாமல், 1846 மார்ச் 17ல் இறக்கும் வரை 36 வருசம் அங்கேயே இருந்தார். அவர் யோசனைப்படி பெர்லின் அக்கடமி தயாரித்த நட்சத்திர வரைபடமொன்றை வைத்துத்தான், அதே வருசம் செப்ரெம்பரில் நெப்ரியூன் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பழக்கம் ஜேர்மனியில் தொடர்ந்தது. ஐபல் மலைப்பக்கம் 1971ல் திறந்த எபெல்ஸ்பேர்க் வானொலித் தொலைநோக்கி 100 மீற்றர் அகலம். மியூனிச்சுக்குப் பக்கத்தில் கார்க்கிங்கில் தலைமையகம் வைத்திருக்கும் ஐரோப்பிய நிறுவனத்திற்குப் பல நாடுகள் சேர்ந்து காசு கட்டுகின்றன. சிலியில் அது கட்டிவரும் தொலைநோக்கியின் ஆடி 39 மீற்றர்.

கொனிக்ஸ்பேர்க் கூடம் 1944 ஓகஸ்ட் குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிய அந்த ஊர் ஜேர்மன் சனம் அகதிகளாக மேற்கே வந்தார்கள். ஊருக்கு இப்போது கலினின்கிராட் எண்டு பேர்.

பெசலின் நட்சத்திரத்தை நீங்களும் பார்க்கலாம். கோடை இரவில், பிள்ளைகளோடு ஊர் வெளிச்சமில்லாத இடமாகப் போனால், அன்னக் கூட்டத்தில் மிக மங்கலாகத் தெரியும். நல்ல பைனாகுலரை அசையாமல் பிடித்தால், அது ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரம்.