எண்களால் நாட்டை அளந்த மகலனோபிஸ்

புதுதில்லி: நாடு விடுதலை பெற்றபோது, இந்தியக் குடும்பங்கள் என்ன உண்கின்றன, எவ்வளவு செலவிடுகின்றன என்பதற்கு நாடு தழுவிய கணக்கு அரசிடம் இல்லை. அக்குறையைப் போக்கியவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பியும் அவரே.

1893 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். கணித மேதை ராமானுஜன் அங்கு அவருக்கு நண்பரானார். தாயகம் திரும்பிப் பிரெசிடென்சி கல்லூரியில் பணியாற்றிய மகலனோபிஸ், 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வயல்தோறும் சென்று அளக்காமல், தேர்ந்தெடுத்த சில வயல்களை மட்டும் ஆராய்ந்து வங்கத்தின் சணல் சாகுபடியைக் கணிக்கலாம் என்று காட்டினார். அதே முறையில் 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது.

நேருவின் நம்பிக்கையைப் பெற்ற அவர், 1955-ல் திட்ட வரைவை அளித்தார். இயந்திரங்களை உருவாக்கும் கனரகத் தொழில்களில் முதலில் முதலீடு செய்தால் பிற்காலத்தில் வளர்ச்சி விரைவுபெறும் என்பதே அதன் அடிப்படை. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உருக்காலைகள் அக்காலத்தில் எழுந்தன. பற்றாக்குறை நிதியால் விலைவாசி உயரும் என்று பொருளாதார அறிஞர் பி.ஆர். ஷெனாய் தனியே மறுப்புக் குறிப்பு எழுதினார்.

சோதனை விரைவிலேயே வந்தது. இறக்குமதிச் செலவு பெருகி, 1957-ல் அன்னியச் செலாவணி நெருக்கடி மூண்டது. அப்போது நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி இறக்குமதியைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. வேளாண்மைக்கு முதல் திட்டத்தில் கிடைத்த முன்னுரிமை குறைந்திருந்தது. அமெரிக்கக் கோதுமையை நாடு பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று.

தமது திட்டத்தின் பலனையும் அவர் கணக்கிடத் தயங்கவில்லை. திட்டங்களால் கூடிய வருமானம் எவரைச் சென்றடைந்தது என்று ஆராய 1960-ல் அமைக்கப்பட்ட குழுவுக்கு அவரே தலைமை ஏற்றார். பொருளாதார வலிமை சிலரிடம் குவிந்திருப்பதை அக்குழுவின் 1964-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. வளர்ச்சி மட்டும் போதாது, அது பரவவும் வேண்டும் என்னும் விவாதத்துக்கு அவ்வறிக்கை வலுவூட்டியது.

1972 ஜூன் 28-ல், 79-ஆவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள் அவர் காலமானார். 1991-ல் பொருளாதாரக் கொள்கை திசைமாறியது. 2015-ல் திட்டக் குழுவின் இடத்துக்கு நீதி ஆயோக் வந்தது. ஆயினும் அவர் வித்திட்ட மாதிரி ஆய்வு தொடர்கிறது. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை வெளியிடுவதில்லை என அரசு 2019-ல் அறிவித்தது. இதனால் 2011-12-க்கு அடுத்து வெளியான முழுமையான கணக்கு 2022-23-ஆம் ஆண்டினுடையதாகவே அமைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வறுமை குறைந்ததா, கூடியதா என்ற வாதம் அனுமானங்களின் மேல் நடந்தது. அவரது திட்டத்தின் நிறைகுறைகளை இன்றும் எடைபோட முடிவதற்குக் காரணம், கணக்கு மறைக்கப்படாமல் வெளிவந்ததே. மகலனோபிஸ் விட்டுச் சென்றவற்றுள் உருக்காலைகளைவிட இவ்வழக்கமே பெரிது.